திரையில் ஒரு கலர், தாளில் ஒரு கலர்: வீட்டு போட்டோ பிரிண்டில் கோளாறு எங்கே?

சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சித்தி கட்டியிருந்தது எம்.எஸ். புளூ பட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயராலேயே அழைக்கப்படுகிற அந்த நீலத்தை எங்கள் வீட்டு பிரிண்டரில் போட்டேன், கத்தரிப்பூ கலரில் வந்தது. உடனே நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். போட்டோவைத் திறந்து நீலத்தைக் கூட்டினேன், பிரிண்ட் போட்டேன், சிவப்பைக் குறைத்தேன், பிரிண்ட் போட்டேன், இப்படியே பாக்கெட்டில் பாதித் தாள் போன பிறகு புடவை ஒருவழியாக நீலமானது, சித்தியின் முகம் பச்சையானது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கலர் தப்பாக வந்தால் போட்டோவில் கை வைக்காதீர்கள். மானிட்டர், செட்டிங், தாள், மை, பார்க்கிற வெளிச்சம், இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். போட்டோவைத் திருத்தி அதை மறைத்தால் அடுத்த போட்டோவில் அதே கோளாறு வேறு முகத்தோடு வந்து நிற்கும். கீழே நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு தாள் மட்டும் செலவழியுங்கள்.

முதலில் ஒரு டெஸ்ட் பிரிண்ட்

பிரிண்டர் டெஸ்ட் இமேஜ் என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் படிகள், விதவிதமான தோல் நிறங்கள், பழங்கள், கலர் கட்டங்கள் எல்லாம் ஒரே படத்தில் இருக்கும். இதை எடுக்கக் காரணம், படம் சரியாகச் செய்யப்பட்டது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும், அப்புறம் பழியைப் படத்தின் மேல் போட முடியாது. தொடாமல், திருத்தாமல், நீங்கள் வழக்கமாகப் போடுகிற தாளில் வழக்கமான செட்டிங்கில் போடுங்கள்.

வந்ததும் பூவையும் பழத்தையும் பார்க்காதீர்கள். சாம்பல் படிகளைப் பாருங்கள். ரோஜா கொஞ்சம் ஆரஞ்சாக வந்தாலும் கண் மன்னித்துவிடும், சாம்பலில் துளி பச்சையோ சிவப்போ ஏறினால் உடனே பிடித்துவிடும். சாம்பல் சாம்பலாகவே இருந்து தோல் நிறமும் நம்பும்படி இருந்தால் பிரிண்டர் பக்கம் சரி, உங்கள் மானிட்டரையோ, அந்த மானிட்டரை நம்பி நீங்கள் திருத்திய போட்டோவையோதான் சந்தேகப்பட வேண்டும். சாம்பலில் சாயம் ஏறியிருந்தால் மானிட்டரை மறந்துவிடுங்கள், மை, தாள், செட்டிங் இந்த மூன்றுக்குள் தேடினால் போதும். தாளின் பின்பக்கத்தில் தேதி, தாளின் பெயர், என்ன செட்டிங் என்று பேனாவால் எழுதி வையுங்கள். எழுதாமல் போட்ட பிரிண்ட் எட்டு இருந்தது என்னிடம், எது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

படம் மொத்தமாக இருட்டாக வருகிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான், பெரும்பாலும் பிரிண்டர் நிரபராதி. மானிட்டர் கடையிலிருந்து வரும்போது கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தில் வருகிறது, 250 நிட், 300 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) என்று. பிரிண்ட் போடுகிறவர்கள் வைத்துக்கொள்வது 80 முதல் 120 வரைதான். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அறையில் இருக்கிற வெளிச்சத்தைத் திருப்பித்தான் தரும். மூன்று மடங்கு வெளிச்சமான திரையில் பார்த்து 'இந்த முகம் போதும்' என்று நீங்கள் நிறுத்திய படம் உண்மையில் இருட்டான படம். பிரிண்டர் அதை அப்படியே போட்டது, அவ்வளவுதான்.

அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் கிட்டத்தட்டச் சரி செய்யலாம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள், பிரிண்ட் போடாத போட்டோ தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில், நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கிற வெளிச்சத்தில் பிடியுங்கள், திரையின் வெள்ளை ஏதோ டியூப்லைட் மாதிரி எரியாமல் தாளின் வெள்ளையோடு ஒத்துப்போகும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். முதல் இரண்டு நாள் திரை செத்த மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். நைட் லைட், ட்ரூ டோன், கண் பாதுகாப்பு மோடு என்று எது ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாகவே திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை மறந்துவிட்டு, ஒரு வாரம் எல்லாப் படத்திலும் நீலத்தை ஏற்றிக்கொண்டிருந்த ஆசாமியை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். டிஎன் பேனல் என்கிற விலை குறைந்த வகைத் திரையில் தலையை நான்கு விரல் மேலே தூக்கினால் படம் வெளுக்கும், கீழே இறக்கினால் கறுக்கும். அந்தத் திரையில் நிழலைத் திருத்துவது ஓடுகிற பஸ்ஸில் கையெழுத்துப் போடுவது மாதிரி. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் திரை கிடைத்தால் அதில் செய்யுங்கள், இல்லையென்றால் கண்ணை நம்பாமல், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

போனில் எடுத்த படமா? போன் திரை இன்னும் மோசம், வெயிலில் தெரிய வேண்டும் என்று மானிட்டரைவிட எவ்வளவோ கூடுதல் வெளிச்சம் தரும். போதாததற்குப் புதிய ஐபோன்களும் ஆண்ட்ராய்டு 14 முதல் வந்த அல்ட்ரா எச்டிஆர் படங்களும் விளக்கு, வானம், நகை மாதிரியான இடங்களைத் திரையில் தனியாகக் கூடுதல் வெளிச்சத்தில் காட்டுகின்றன. அந்தப் பளபளப்பு தாளுக்கு வரவே வராது. அதற்காக பிரிண்டரைத் திட்டிப் பயனில்லை.

போட்டோ திருத்தும் சாப்ட்வேரான லைட்ரூமில் பிரிண்ட் பகுதியிலேயே பிரிண்ட்டுக்கு மட்டும் பிரைட்னஸ் கூட்டுகிற ஸ்லைடர் இருக்கிறது. மானிட்டரைச் சரி செய்த பிறகும் கொஞ்சம் இருட்டாக வந்தால் அதைத் தொடலாம். மானிட்டரைச் சரி செய்யாமல் அதைத் தொட்டால் பழைய கதைதான்.

சிவந்து, அடர்ந்து, மெஜந்தா பூசினாற்போல் வருகிறது

முகமெல்லாம் வெயிலில் வெந்தது மாதிரி, நிழலெல்லாம் கனத்து, சாம்பல் படிகளில் ரோஸ் ஏறி வந்தால், கலரை இரண்டு பேர் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு சமையல்காரர்களும் ஆளுக்கொரு முறை உப்புப் போட்ட சாம்பார்.

நடப்பது இதுதான். போட்டோஷாப்போ லைட்ரூமோ, நீங்கள் தேர்ந்தெடுத்த ஐசிசி புரொஃபைலை (இந்த பிரிண்டர் இந்தத் தாளில் எந்த நிறத்தை எப்படிப் போடும் என்று சொல்கிற ஃபைல்) பார்த்து, படத்தின் எண்களை இந்த பிரிண்டருக்கும் இந்தத் தாளுக்கும் ஏற்ற எண்களாக மாற்றி அனுப்புகிறது. கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை ஓட்டுகிற சாப்ட்வேரான டிரைவருக்கு அது தெரியாது. வந்தது சாதாரணத் திரைக்கான எஸ்ஆர்ஜிபி படம் என்று நினைத்துக்கொண்டு அது தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றுகிறது. விளைவு பெரும்பாலும் மெஜந்தா, அதாவது ஊதா கலந்த ரோஸ் பக்கம் சாயும்.

ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். போட்டோஷாப்பில் பிரிண்ட் விண்டோவில் கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்று வைத்து, கீழே உங்கள் பிரிண்டர், தாள் இரண்டுக்கும் உரிய புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். அதே விண்டோவிலிருந்து பிரிண்ட் செட்டிங்ஸுக்குள் போய் டிரைவரின் கலர் வேலையை அணையுங்கள். எப்சனில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்று இருக்கும், கேனனில் கலர் மேனுவலுக்குள் மேட்சிங் என்ற இடத்தில் 'நன்' என்று இருக்கும். மேக்கில் போட்டோஷாப்பிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் டிரைவர் பக்கம் தானாகவே மங்கிவிடும், விண்டோஸில் நீங்கள்தான் போய் அணைக்க வேண்டும். சில டிரைவர்களில் தாளின் வகையை மாற்றினால் கலர் செட்டிங் பழையபடி திரும்பிவிடும், இது என்னை இரண்டு முறை ஏமாற்றியிருக்கிறது. எனவே தாளை முதலில் தேர்ந்தெடுங்கள், கலரைக் கடைசியாக அணையுங்கள், மொத்தத்தையும் ஒரு பிரிசெட்டாகச் சேமித்துத் தாளின் பெயரையே அதற்கு வையுங்கள்.

புரொஃபைல், ஐசிசி எல்லாம் தலைவலி என்றால் எதிர்ப்பக்கமாகப் போங்கள். போட்டோஷாப்பில் 'பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்', டிரைவரில் சரியான தாள் வகை. பிரிண்டர் கம்பெனியின் மை, அதே கம்பெனியின் தாள் என்று வைத்திருப்பவர்களுக்கு இதுவே நன்றாக வரும். இதைத் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. எது ஆனாலும் ஒருவர்தான், அதுதான் கணக்கு.

இன்னொன்று. டிரைவரில் போட்டோ என்ஹான்ஸ், விவிட், ஆட்டோ கரெக்ட் என்று ஏதாவது டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இவை படத்துக்குப் படம் வேறு மாதிரி திருத்தும். ஒரே ஆளின் முகம் ஒரு படத்தில் மாநிறம், அடுத்த படத்தில் சந்தனம் என்று வந்தால் இதுதான் காரணம். ஏற்கெனவே போன் கேமரா பியூட்டி மோடில் பாதி வெளுப்பாக்கித் தருகிறது, மீதியை டிரைவர் செய்ய வேண்டாம்.

பச்சையாக வருகிறது, அல்லது ஒரு கலரையே காணோம், அல்லது கோடு கோடாக வருகிறது

இது செட்டிங் விஷயம் இல்லை, மை விஷயம். மெஜந்தா வராவிட்டால் படம் பச்சையடிக்கும். பச்சை கலந்த வெளிர்நீலமான சியான் வராவிட்டால் சிவப்பும் ஆரஞ்சுமாக இருக்கும். மஞ்சள் வராவிட்டால் நீலமும் ஊதாவுமாக மாறிவிடும். எப்சன் எல்805, எல்8050 மாதிரி ஆறு கலர் பிரிண்டர்களில் லைட் சியான், லைட் மெஜந்தா என்று இன்னும் இரண்டு இருக்கின்றன. லைட் மெஜந்தா மட்டும் அடைத்திருந்தால் அடர்ந்த இடங்களெல்லாம் சரியாகவே வரும், கன்னத்திலும் நெற்றியிலும் மட்டும் பச்சை கலந்த மஞ்சள் தட்டும். காமாலை வந்தவர் மாதிரி. செட்டிங்கில் தேடி நாள் போகும்.

மை தெளிக்கிற துளைகளைச் சோதிக்கும் நாஸில் செக் போடுங்கள், கோடுகள் உடையாமல் இருக்கின்றனவா பாருங்கள். மஞ்சள் கட்டம் வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதற்கு ஒரு தந்திரம்: போன் திரையில் முழு நீலப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டறையில் அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். நீல வெளிச்சத்தில் மஞ்சள் கறுப்பாகத் தெரியும், விட்டுப்போன கோடு பளிச்சென்று அகப்படும்.

உடைந்திருந்தால் ஹெட் கிளீனிங் (அந்தத் துளைகள் இருக்கிற ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) ஒரு முறை, மறுபடி நாஸில் செக். மூன்று முறைக்குள் சரியாகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். கோபத்தில் பத்து முறை கிளீனிங் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கிற வேஸ்ட் இங்க் பேடுக்குப் போகிறது, அது நிறைந்தால் பிரிண்டர் வேலை செய்யவே மறுத்துவிடும், அப்புறம் பல மாடல்களில் சர்வீஸ் சென்டருக்கு நடக்க வேண்டும். மூன்று முறைக்குப் பிறகு பிரிண்டரை அணைத்து ஒரு ராத்திரி, அதாவது 12 மணி நேரமாவது விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். காய்ந்த மை தானாக இளகியும், டியூபில் நுழைந்த காற்று அடங்கியும் பலருக்குச் சரியாகிவிடும். டேங்கில் மை கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், காற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது.

ஹெட் ஏன் அடைக்கிறது? பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்குள் உட்கார்ந்துகொள்ளும். சுவர் ஸ்விட்சில் அணைத்தாலோ பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனாலோ நடுவழியில் திறந்தபடி நின்று காயும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் போதும். கரண்ட் வந்ததும் ஒரு முறை ஆன் செய்து பட்டனில் அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான் வேலை. அப்புறம் வாரம் ஒரு முறை எல்லாக் கலரும் வருகிற மாதிரி ஏதாவது ஒன்று போடுங்கள், பேரப்பிள்ளைகளின் கோலப் படமானாலும் சரி.

வெளிறிப்போய், நாலு தரம் அலசின துணி மாதிரி வருகிறது

தாளின் எந்தப் பக்கம் போட்டீர்கள்? சிரிக்காதீர்கள், மேட் தாளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். விரலை லேசாக ஈரமாக்கி ஓரத்தில் தொடுங்கள், கோட்டிங் இருக்கிற பக்கம் பிசுக்கென்று ஒட்டும்.

அடுத்தது டிரைவரில் தாள் வகை. ப்ளைன் பேப்பர் என்று இருக்கும்போது பிரிண்டர் குறைவான மையை ஊற்றும், ஏனென்றால் சாதாரணத் தாள் அவ்வளவுதான் குடிக்கும், மீறினால் கசிந்து பின்பக்கம் வரும். அதே அளவு போட்டோ தாளில் விழுந்தால் வெளிறித்தான் வரும். தாள் வகை என்பது வெறும் பெயர் இல்லை, எவ்வளவு மை, எந்தக் கறுப்பு, எந்த வேகம் எல்லாம் அதில் இருக்கிறது. கடையில் வாங்கின வேறு கம்பெனி தாளுக்கு லிஸ்டில் பெயர் இருக்காது, அதற்குக் கிட்டத்தில் இருக்கிற கிளாஸி அல்லது மேட் வகையைப் போட்டுப் பாருங்கள். 180 ஜிஎஸ்எம், 270 ஜிஎஸ்எம் என்று அட்டையில் இருப்பது தாளின் கனம்தான், கோட்டிங் நல்லதா என்று அது சொல்லாது. கனத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்களில் நானும் உண்டு.

கறுப்பு மட்டும் வெளிறிச் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கிறதா? சில டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு பிக்மென்ட் மை (நுண்துகள் மிதக்கிற மை), மற்ற மூன்றும் டை மை (சாயம் கரைந்த மை). பிக்மென்ட் கறுப்பு எழுத்துக்கு அருமை, பளபளப்பான தாளில் சரியாக ஒட்டாது, அதனால் கிளாஸி தாள் என்று சொன்னவுடன் பிரிண்டர் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் கலந்து கறுப்பு செய்கிறது. அது கன்னங்கரேல் என்று வராது. இது கோளாறு இல்லை, அந்த மாடலின் எல்லை. போட்டோவுக்கென்றே வாங்குவதாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தாள் சரி, மை சரி என்றால் படத்தின் கலர் ஸ்பேஸை, அதாவது அதன் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற கணக்கைப் பாருங்கள். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபிதான் இன்றைக்கும் எல்லாத் திரைக்கும் பொதுமொழி. கேமராவில், அதைவிட அகலமான நிற எல்லை கொண்ட அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்த படத்தை, அதைப் புரிந்துகொள்ளாத சாப்ட்வேரில் திறந்து பிரிண்ட் போட்டால் எண்களை எஸ்ஆர்ஜிபி என்று தப்பாகப் படித்து வெளிறிய படம் தரும். ஏன் அடோபி ஆர்ஜிபி வைத்தோம் என்று தெளிவாகத் தெரிந்தால் ஒழிய எஸ்ஆர்ஜிபிக்கே மாற்றிவிடுங்கள்.

சிலர் பிரிண்ட் என்றாலே சிஎம்ஒய்கே (அச்சகத்தின் நான்கு மைக்கான கணக்கு) என்று படத்தை அதற்கு மாற்றிவிட்டுப் போடுகிறார்கள். அது சிவகாசிக்குக் காலண்டர் அனுப்பும்போது. வீட்டு பிரிண்டருக்குள் நான்கு மையோ ஆறு மையோ இருந்தாலும் அதன் டிரைவர் எதிர்பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம் என்கிற ஆர்ஜிபி படம்தான். நீங்கள் ஒரு முறை சுருக்கி அனுப்பியதை அது இன்னொரு முறை சுருக்கும்.

எல்லாம் சரி, ஒரே ஒரு கலர் மட்டும் வேறாக வருகிறது

சித்தியின் புடவைக்கு வந்துவிட்டோம். சாம்பல் படி சரி, முகம் சரி, மாலையில் இருக்கிற ரோஜா சரி, புடவை மட்டும் கத்தரிப்பூ.

மானிட்டரில் நீலம் என்பது தனி விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கில் ஒன்று, அதை முழுசாக எரித்தால் நீலம். வீட்டு பிரிண்டரில் நீல மை என்று ஒன்று கிடையாது. சியானும் மெஜந்தாவும் கலந்துதான் நீலம் வர வேண்டும், அந்தக் கலவை கொஞ்சம் மெஜந்தா பக்கம் சாய்ந்தாலும் ஊதா. அதிலும் திரை காட்டுகிற அந்த ஆழமான நீலத்தை எந்த விகிதத்தில் கலந்தாலும் எட்ட முடியாது. பிரிண்டர் எட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்கு வெளியே அது நிற்கிறது. கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு, விளையாட்டு ஜெர்ஸியின் நியான் மஞ்சள் எல்லாம் இதே ஜாதி. இவை வெளியே நிற்கிற நிறங்கள் என்பதால் பிரிண்டர் உள்ளே இருக்கிற பக்கத்து வீட்டு நிறத்தைப் போடுகிறது.

இங்கே சாஃப்ட் ப்ரூஃப் உதவும். போட்டோஷாப்பில் வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப்பில் உங்கள் தாளின் புரொஃபைலைக் கொடுங்கள், பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே கிட்டத்தட்டக் காட்டும். கேமட் வார்னிங்கைப் போட்டால் எட்ட முடியாத இடங்களைச் சாம்பலாகக் காட்டும். லைட்ரூமில் சாஃப்ட் ப்ரூஃபிங் என்று டிக் இருக்கிறது, கிம்ப் என்கிற இலவச சாப்ட்வேரிலும் இருக்கிறது. அப்புறம், எட்டாத நிறங்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று சொல்கிற ரெண்டரிங் இன்டென்ட்டை மாற்றிப் பாருங்கள். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் எட்டக்கூடிய நிறங்களைத் தொடாது, எட்டாதவற்றை மட்டும் எல்லையில் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் முகம் பிழைக்கும், புடவையின் மடிப்பு விவரம் ஒரே பட்டையாகிவிடலாம். பெர்செப்சுவல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும், மடிப்பு தெரியும், மொத்தப் படமும் சற்று அடங்கிப்போகும். எனக்குப் பட்டுப்புடவைக்குப் பெர்செப்சுவல்தான் பிடிக்கிறது, சரிகையும் மடிப்பும் இல்லாத பட்டு என்ன பட்டு.

இதற்கெல்லாம் பிறகும் ஊதா தட்டினால், இப்போது, இப்போதுதான், படத்தில் கை வைக்கலாம். அதுவும் நகல் எடுத்து, நீலத்தை மட்டும். ஹியூ சாச்சுரேஷனில் புளூஸ் என்று தேர்ந்தெடுத்து ஹியூவைச் சியான் பக்கம் கொஞ்சம் தள்ளி, சாச்சுரேஷனைச் சற்றுக் குறைத்தால் கத்தரிப்பூ விலகி நீலம் வரும். அசல் புடவையின் நீலம் வராது. புடவையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியத்தான் செய்யும்.

காலையில் சரியாக இருந்த பிரிண்ட் ராத்திரி வேறு மாதிரி இருக்கிறது

ஜவுளிக்கடையில் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் காட்டச் சொல்வார்களே, அந்த விஷயம்தான். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். பிரிண்டர் புரொஃபைல்கள் டி50 என்கிற, ஏறத்தாழ 5000 கெல்வின் வெளிச்சத்தை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. நம் வீடுகளில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, இல்லையென்றால் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. விலை குறைந்த எல்இடியில் சிவப்பு சரியாகவே தெரியாது, தோல் நிறம் அதில் பிணம் மாதிரி இருக்கும்.

பிரிண்ட்டைத் தீர்ப்புச் சொல்ல ஜன்னல் ஓரம் போதும், காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் படாத இடத்தில். ராத்திரிதான் நேரம் கிடைக்கும் என்றால் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கிற பல்பு ஒன்று வாங்கி மேஜை விளக்கில் மாட்டுங்கள். சுவரையும் பாருங்கள். எங்கள் வீட்டு முன்னறை பச்சைப் பெயின்ட், அங்கே நின்று பார்த்த எல்லாப் படத்திலும் எல்லோருக்கும் பித்தம்.

மங்கலாகத் தெரிந்தது ஈரத்தினாலும் இருக்கலாம். மை தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடத்தில் வந்துவிடும், நிறம் முழுசாக நிற்க ஒரு நாள் பிடிக்கும். ஐப்பசி மழையில் இன்னும் தாமதம். சூட்டோடு சூடாகப் பார்த்துவிட்டு செட்டிங்கை மாற்றாதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சாயம் ஏறுகிறது

நான்கு மை பிரிண்டர் சாம்பலை மூன்று கலரையும் கலந்துதான் செய்கிறது, ஒன்று கூடினாலும் தெரிந்துவிடும். டிரைவரில் கிரேஸ்கேல் டிக் செய்து மேட் தாளில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கறுப்பு மையையே அதிகம் பயன்படுத்தும். தாத்தா பாட்டி படங்களை நிறையப் போடுகிறவர் என்றால் சாம்பல் மைகளே தனியாக இருக்கிற பிரிண்டர் வேண்டும், கேனன் ப்ரோ 200இல் எட்டு டை மையில் கிரே, லைட் கிரே என்று இரண்டு உண்டு. எப்போதாவது ஒன்று என்றால் ஸ்டூடியோவில் கொடுத்துவிடுங்கள், அது மலிவு.

போன மாதம் வரை சரியாக இருந்தது

என்ன மாறியது என்று யோசியுங்கள், மை தீர்ந்து புதிது ஊற்றினீர்களா? கம்பெனி மை விலை அதிகமாக இருக்கிறதே என்று நான் ஒரு முறை கடைக்காரர் தந்த வேறு மையை ஊற்றினேன். 'எல்லாம் ஒண்ணுதான் சார், ஒரே ஃபேக்டரி' என்றார். சாம்பல் படிகள் பாசி பிடித்த மாதிரி வந்தன. வேறு மை தீண்டத்தகாதது என்று சொல்லவில்லை, பிரிண்டரோடு வருகிற புரொஃபைல் கம்பெனி மையை அளந்து செய்தது, மை மாறினால் அந்தக் கணக்குச் செல்லாது. டேங்கில் பழையதும் புதியதும் கலந்துகிடந்தால் எந்தக் கணக்கும் செல்லாது, அது தீர்ந்து டியூப் சுத்தமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

வேறு மை, வேறு தாள் என்று நிரந்தரமாக முடிவு செய்துவிட்டால் சொந்தப் புரொஃபைல் செய்துகொள்ளலாம். கலர் கட்டங்கள் நிறைந்த தாளை எந்தக் கலர் திருத்தமும் இல்லாமல் பிரிண்ட் போட்டு, ஒரு நாள் காயவைத்து, தாளில் விழுந்த நிறத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரால் அளந்து, ஆர்கில் என்கிற இலவச சாப்ட்வேரில் கொடுத்தால் ஐசிசி ஃபைல் தரும். மானிட்டரை அளக்கிற சின்னக் கருவி, கலரிமீட்டர், இதற்கு உதவாது. அது எரிகிற திரையை மட்டும் படிக்கும், தாளைப் படிக்கத் தெரியாது. நண்பர் ஒருவர் அதை வாங்கிவிட்டுத் தாளின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பெக்ட்ரோ வாங்குவது பிரிண்டரைவிடச் செலவு. கட்டங்களைத் தபாலில் அனுப்பினால் அளந்து புரொஃபைல் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு தாள், ஒரு மை என்று நிற்கிறவருக்கு அது போதும்.

நாளாக ஆக நிறம் வெளுக்கிறது

டை மைக்கு இரண்டு எதிரி, வெளிச்சமும் காற்றும். உடனே காய்கிற, நுண்துளைகள் கொண்ட மைக்ரோபோரஸ் கிளாஸி தாளில் மை திறந்தபடியே உட்கார்ந்திருக்கும், காற்றில் இருக்கிற ஓசோன் அதைத் தின்னும். அதனால்தான் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய படம் சீக்கிரம் நிறம் மாறுகிறது, ஆல்பத்துக்குள் இருக்கிற அதே படம் அப்படியே இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு, கண்ணாடி போட்ட ஃபிரேமுக்குள் மாட்டுங்கள், வெயில் விழுகிற சுவர் வேண்டாம்.

சித்தி படத்தைப் பூஜையறைக்கு எதிரில், கிழக்கு ஜன்னல் வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்கிறார். செட்டிங் பிரிசெட்டில் இருக்கிறது, புரொஃபைலின் பெயர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது, வெளுத்தால் இன்னொன்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன்.